கையில் பொங்கல் இருக்கும்போது

ஜூன் 6, வெள்ளி

இன்றும் மாட்டிக்கொண்டேன்.

எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பிள்ளையார் இருக்கிறார். வெள்ளிக்கிழமை காலையில் பூஜை. முடிந்ததும் மேனேஜர் அரிகரன் சார் தன் கையாலேயே எல்லோருக்கும் பொங்கல் வைப்பார். வாழையிலைத் துண்டை இரண்டு கையாலும் ஏந்தி நிற்க வேண்டும். சுடச்சுட ஒரு கரண்டி விழும். கூடவே ஒரு வேலையும் விழும். நெற்றியில் விபூதி, கையில் பிரசாதம், எதிரே பிள்ளையார். எந்த வாயால் முடியாது என்று சொல்வது?

இப்படித்தான் கேன்டீன் சாம்பாரை ருசி பார்ப்பது என் வேலையானது. பார்க்கிங் சண்டையைத் தீர்ப்பதும். ஆண்டு விழா டான்ஸுக்கு ஆள் பிடிப்பதும். பெண்கள் வார்டு இன்சார்ஜ் என்றுதான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். அதையும் நடுநடுவே பார்க்கிறேன்.

இன்று விழுந்தது பெரிய கரண்டி. "புதன்கிழமைல நல்லவாடு மீனவ கிராமத்துல இலவச வைத்திய முகாம் போடறோம்மா. வாரா வாரம். உங்க வார்டுலேருந்து ரெண்டு பொண்ணுங்கள அனுப்பி வுடுங்க. அங்க கொஞ்சம் லேசாத்தானே இருக்கு."

பகலில் என் வார்டுக்கு இருப்பதே மூன்று நர்ஸ்கள். "சரிங்க சார்" என்றேன். பொங்கலில் நெய் வேறு தாராளம். அதுதான் இன்னும் எரிச்சல்.

ஜூன் 7

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் கரும்புத் தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். "பொங்கல வாங்காம வந்துருக்க வேண்டியதுதானே" என்றார்.

"சாமி பிரசாதத்தப் போயி எப்படிங்க வேணாம்னு சொல்றது?"

"அப்ப அந்த வேலையும் பிரசாதந்தான். கண்ணுல ஒத்திக்கோ."

இந்த மனுஷனிடம் சொன்னேன் பாருங்கள்.

ஜூன் 11, புதன்

முதல் முகாம். இளவரசியும் தேவியும் வேனில் போனார்கள். வார்டில் சுவேதா மட்டும். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத பெண். நானும் ஊசி போட்டேன், டிரிப் மாற்றினேன், நடுவில் ஓடிப்போய் சாம்பார் குடித்துவிட்டு வந்தேன். உப்பு அதிகம்.

போனவர்கள் சாயங்காலம் வெயிலில் முகம் கறுத்துத் திரும்பினார்கள். நல்லவாட்டுப் பெண்கள் பை நிறைய நெத்திலி கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். எனக்கும் பங்கு வந்தது. குழம்பு பிரமாதம். சமாளித்துவிடலாம் போலத்தான் இருக்கிறது.

ஜூன் 18, புதன்

சமாளிக்க முடியவில்லை.

செலியமேட்டுக் காசம்மாளுக்கு நேற்றுதான் பித்தப்பை ஆபரேஷன் ஆனது. இன்று மத்தியானம் பாத்ரூம் போக மணி அடித்திருக்கிறார். சுவேதா மூச்சுத் திணறலில் கிடந்த இன்னொரு அம்மாவுக்கு ஆக்ஸிஜன் வைத்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் மணி. யாரும் வரவில்லை. தானே எழுந்திருக்கிறார். கால் வழுக்கிவிட்டது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டதால் தலை தப்பியது. கையில் இருந்த டிரிப் ஊசி பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. போர்வையெல்லாம் ரத்தம்.

நான் எங்கே இருந்தேன்? பார்க்கிங்கில். யார் ஸ்கூட்டர் யார் ஸ்கூட்டரை இடித்தது என்று பஞ்சாயத்து. வார்டுல ஒரு பொம்பள வுழுந்து கெடக்குறா, உனக்கு பார்க்கிங்ல இன்னாடி வேலை மஞ்சுளா?

டாக்டர் வந்து பார்த்தார். தையல் பிரியவில்லை, எலும்புக்கும் ஒன்றும் இல்லை. சுவேதாதான் அழுகையை நிறுத்தவில்லை. காசம்மாள் படுத்தபடியே அவளைத் தேற்றினார். "வுடு கண்ணு, நான்தான் அவசரப்பட்டு எழுந்துட்டேன். நீ ஒருத்தி எத்தினி பேர பாப்ப?"

அந்த அம்மா திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலை. அடுத்த முறை கம்பி கைக்கு எட்டாமல் போனால்? என் வார்டிலிருந்து இனி ஆள் அனுப்பக் கூடாது. சொல்லிவிட வேண்டும்.

ஜூன் 19

மேனேஜர் அறைக்குப் போனேன். ஒரு காதில் போன், இன்னொரு காதிலும் போன். "காசம்மாளுக்கு ஒண்ணும் ஆவலையே? அப்புறம் என்னம்மா, வெள்ளிக்கிழமை பூஜைல பேசிக்கலாம்" என்றார்.

பூஜையில். நன்றாகப் பேசுவேன்.

ஜூன் 20, வெள்ளி

குளிக்கும்போது இரண்டு தரம், பஸ்ஸில் ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். வாயைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். "மஞ்சுளாம்மா, மூட்டு வலில என்னால நிக்க முடியல. அடுத்த வாரத்துலேருந்து பொங்கல் குடுக்கறத நீங்களே பாத்துக்குங்க."

கையில் என்ன இருந்தது என்று எழுத வேண்டுமா? "சரிங்க சார்."

ஒன்றை இறக்கிவைக்கப் போய் இன்னொன்றையும் தூக்கிக்கொண்டு வந்தவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான்.

ஜூன் 25, புதன்

இன்று வார்டை விட்டு நகரவில்லை. பார்க்கிங்கிலிருந்து கூப்பிட்டார்கள். வர முடியாது என்று சொல்லி அனுப்பினேன். கேன்டீனுக்கும் அதே பதில். சண்டை தானாகவே ஓய்ந்துவிட்டதாம். சாம்பாரும் எப்போதும் போலத்தான் இருந்ததாம். இத்தனை நாள் நான் எதற்கு ஓடினேன்?

ஆனால் நாள் முழுக்க நான் நின்றும் மணிச் சத்தம் ஓயவில்லை. மூன்று பேர் செய்கிற வேலை இது.

ஜூன் 27, வெள்ளி

நடந்ததை அப்படியே எழுதுகிறேன், நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது.

பூஜை முடிந்தது. கரண்டி என் கையில். முதல் ஆளாக அரிகரன் சார் வாழையிலைத் துண்டை ஏந்திக்கொண்டு வந்தார். நெற்றியில் விபூதி. பின்னால் மொத்த ஆஸ்பத்திரியும் வரிசையில். அவருடைய இரண்டு கையையும் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது.

ஒரு கரண்டி வைத்தேன். நல்ல சூடு.

"சார், புதன்கிழமை கண் டாக்டரும் எலும்பு டாக்டரும் வர மாட்டாங்க. ஓபில ரெண்டு சிஸ்டர் சும்மாத்தான் இருப்பாங்க. முகாமுக்கு அவங்க போவட்டும். என் வார்டுலேருந்து இனிமே ஆள் அனுப்ப முடியாதுங்க."

அவர் பொங்கலை ஊதினார். பிள்ளையாரைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். சுவேதா வைத்த கண் வாங்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செஞ்சிடலாம்மா" என்றார்.

இன்னொரு கரண்டி வைத்தேன். "பார்க்கிங்க வாட்ச்மேன் பாக்யராஜே பாத்துக்குவாரு சார்."

"சரிம்மா."

கரண்டியை மறுபடி பாத்திரத்தில் விட்டேன். "இன்னும் கொஞ்சம் வெக்கட்டுமா சார்?"

"வேணாம்மா, வேணாம். போதும்." கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். மூன்றாவது கரண்டிக்கென்று வைத்திருந்த சாம்பார் வேலை மட்டும் தப்பித்து என்னிடமே நின்றுவிட்டது.

ஜூலை 2, புதன்

வேன் ஓபி நர்ஸ்களோடு போனது. என் மூன்று பேரும் வார்டில். மணி அடித்தால் ஆள் போகிறது. சாயங்காலம் காசம்மாள் தையல் பிரிக்க வந்தார். வார்டுக்குள் எட்டிப் பார்த்து, "இன்னா, இன்னிக்கி கலகலன்னு இருக்குது" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நெத்திலி வரவில்லை. அது ஒன்றுதான் நஷ்டம்.

ஜூலை 10

ஞாயிறு இரவு டூட்டிக்கு ஆள் வேண்டும். வரவேண்டிய தேவிக்கு அன்று அக்கா மகள் காதுகுத்து. வழக்கம்போல வீட்டில் சுட்ட முறுக்கை ஒரு டப்பாவில் எடுத்துப்போய், இளவரசி கையில் இரண்டை வைத்தேன். வாயைத் திறக்கத்தான் போனேன். அவள் முறுக்கை மறுபடி டப்பாவிலேயே போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"மொதல்ல விஷயத்த சொல்லுங்க சிஸ்டர்."

சொன்னேன்.

"முடியாது சிஸ்டர். ஞாயித்துக்கெழம எங்க அம்மா வூட்டுக்குப் போறேன்."

இந்த வார்டில் என்னிடம் யாரும் முடியாது என்று சொன்னதே இல்லை. இத்தனை நாள் அதை என் நல்ல குணத்துக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முறுக்குக்குக் கிடைத்தது போலிருக்கிறது.

சுவேதாவிடம் வெறுங்கையோடு போய்க் கேட்டேன். சனிக்கிழமை லீவு கொடுத்தால் வருகிறேன் என்றாள். கொடுத்துவிட்டேன். வேலை முடிந்தது.

பிறகு இளவரசியிடம் திரும்பிப் போய் அந்த இரண்டு முறுக்கையும் அவள் கையில் வைத்தேன். "இது சும்மாதான்டி" என்றேன்.

சாப்பிட்டாள். முடிக்கிற வரைக்கும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.