கம்பளியில் ஏறிக் கூட்டத்துக்குப் போனவளுக்கு

புதுச் சிமெந்து வாசம் இன்னும் என் கையில் இருக்கிறது. நம் பேத்தியின் பள்ளிக்கூடத்தில் படிகளுக்குப் பக்கத்தில் சாய்வாக ஒரு பாதை போட்டிருக்கிறார்கள். தடவிப் பார்த்தேன். உனக்கு எழுத வேண்டும் போலிருந்தது. ஆமாம், நானேதான் எழுதுகிறேன்! நீ கண்மூடிய பிறகு, இந்த வயதில் கற்ற எழுத்து, ஒவ்வொன்றாகத்தான் வருகிறது.

வாதத்தில் உனக்குக் கால் விழுந்த பிறகு மகளின் பெற்றோர் கூட்டத்துக்கு நான்தான் போய் வந்தேன். உனக்கு அது போதவில்லை.

"நீங்க போனா தலைய ஆட்டிட்டு வருவீங்க. புள்ள எதுல பிந்தி நிக்குதுன்னு நானே கேக்கணும்."

றக்வான மலையில் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் படிகள்தான் வழி. நானும் பக்கத்து வீட்டுத் தம்பியும் கம்பளியைக் கம்பில் கட்டி உன்னைத் தூக்கினோம். நல்ல சேலை, தலையில் பூ.

தேயிலைத் தோட்டத்தில் கம்பளியில் ஆளைத் தூக்கினால் அது ஆஸ்பத்திரிக்குத்தான். நாங்கள் அதை யோசிக்கவே இல்லை. மேல் லயத்து வீட்டு வரிசையிலிருந்து பெண்கள் மாரடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள்.

"ஐயோ, அக்காவுக்கு என்னாச்சு?"

நீ தலையை வெளியே நீட்டினாய். "ஒண்ணும் ஆகலடி! மீட்டிங்குக்குப் போறேன். ஒம்மகனும் அங்கதானே படிக்கிறான், நீயும் வா!"

அழுதவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

அங்கே தலைமையாசிரியர், நம் பெரிய சாரும் பதறிப்போய்த் தண்ணீர் கேட்டுக் கத்தினார். நீ எழுந்து உட்கார்ந்தாய். "சார், எம்புள்ள எதுல பிந்தி நிக்குது?"

வந்த தண்ணீரை அவரே குடித்தார். "கணக்குலம்மா."

"அப்ப அது அப்பா மாதிரி" என்றாய். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

சிரித்து முடித்த சார் படிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இனிமே நீங்க ஏறி வர வேணாம்மா. நாங்க எறங்கி வாறோம்."

அடுத்த கூட்டம் லயத்தருகே, கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் பிள்ளைக் காம்பராவில் நடந்தது. தொட்டில்களுக்கு நடுவே, குட்டி வாங்குகளில் முழங்கால் முகத்தில் முட்ட டீச்சர்மார் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் நீ. மகள் படித்து முடிக்கும்வரை அப்படியே நடந்தது.

இன்று பேத்தியின் கூட்டம். எனக்குக் கால் நன்றாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் படியை விட்டு, உனக்காகச் சாய்பாதையில் ஏறினேன்.

"பாப்பா நல்லா படிக்குது தாத்தா" என்றார் டீச்சர்.

நான் தலையாட்டவில்லை. "அது சரிங்க டீச்சர், எதுல பிந்தி நிக்குது?"

"கணக்குல."

"அப்ப அது தாத்தா மாதிரி" என்று நானே சொல்லிவிட்டேன். டீச்சர் சிரித்தார். உன் பங்குக்கும் சேர்த்து நான் சிரித்தேன்.