சுபேதாருக்கு இடம் கொடுத்தவள்

என் உயிரான அண்ணனுக்கு,

சுபேதார் நன்றாக இருக்கிறான். அதைத்தானே நீ முதலில் கேட்பாய்?

ஒரு நாயைப் பார்த்து வயிறு எரிகிறவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பட்டாளத்தில் நீ நாயக். தெருவில் கிடைத்த குட்டிக்கோ உன்னைவிடப் பெரிய பதவியைப் பெயராக வைத்தாய். "அவன் எனக்கு மேலதிகாரிம்மா" என்று சிரிப்பாய். அண்ணி போன பிறகு உனக்கென்று இருந்தது அவன்தான். வல்லம் வடகால் கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக இருந்த வரைக்கும் அந்தக் காவலறையே உங்கள் இருவருக்கும் வீடு. காண்ட்ராக்ட் மாறி வயதானவர்களை நிறுத்தியபோது அதுவும் போனது. நாயோடு வருகிற கிழவனுக்கு யார் ரூம் கொடுப்பார்கள்? மண்ணூர் ரோட்டில் மூடிக்கிடந்த பஞ்சர் கடையின் கூரைக்குக் கீழே படுத்துக்கொண்டாய்.

குன்றத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து எத்தனை முறை கூப்பிட்டேன்!

"என் வூட்டுக்கு வாண்ணா. ஹவுஸ் ஓனர் நாய்தான் கூடாதுன்றாரு."

"அவன் வெளிய கீறான்னா நானும் வெளியதாம்மா."

ஒரு பக்கம் கூடப் பிறந்தவள், மறுபக்கம் நாய். நீ கொஞ்சம் யோசிக்கக்கூட இல்லையே, அண்ணா?

கால் காயத்தில் சீழ் வைத்து, காய்ச்சலில் நீ அனத்திக்கொண்டு கிடந்தபோது உன் கையைப் பிடித்து அழுதேன். அப்போதும் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றாய். "சுபேதார இன்னா பண்றது? நான் இல்லன்னா சோறு துன்ன மாட்டான்."

அப்போதுதான் முத்துலட்சுமி வந்தாள். தென்காசிப் பக்கத்துப் பெண். ஓரகடத்தில் ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைனில் நின்று வேலை பார்க்கிறவள். அவள் அப்பாவும் பட்டாளத்துக்காரராம். அதனாலோ என்னவோ, உன்னைப் போல ரோட்டோரம் படுத்திருக்கும் பழைய சிப்பாய்களைத் தேடிப்போய், அவர்களுடைய நாய்களுக்குச் சோறு வைப்பாள், ஊசி போட ஏற்பாடு செய்வாள்.

"அண்ணே, சுபேதார எங்கிட்ட விடுங்க. ஹாஸ்டல் பின்னால எடம் இருக்கு, வார்டன்கிட்ட கேட்டுட்டேன். டெய்லி வீடியோ எடுத்துக் காட்டுதேன்" என்றாள்.

நீ எழுந்து உட்கார்ந்தாய். "ஆட்டோ கூப்புடும்மா" என்றாய்.

என் கண்ணீருக்கு அசையாதவன் அவள் சொன்னதும் எழுந்தாய். அதுகூடப் போகட்டும். 'அண்ணே' என்றாளே, அது என் வார்த்தை இல்லையா?

வார்டில் கஞ்சியை ஆற்றிக்கொண்டு உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நீயோ வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாய். ஷிப்ட் முடிந்து அவள் செல்போனோடு வந்த பிறகுதான் உன் முகத்தில் வெளிச்சம் வரும். வீடியோவில் அந்த நாய் தின்பதைப் பார்த்துக்கொண்டே நீயும் வாய் திறப்பாய். கஞ்சி நான் காய்ச்சியது. சிரிப்பெல்லாம் அவர்களுக்கு.

கால் தேறித்தான் வந்தது. நெஞ்சு நின்றுபோகும் என்று யார் நினைத்தோம்?

காரியம் முடிந்ததும், நாய் வைத்துக்கொள்ள விடுகிற வீடாகத் தேடி மண்ணூருக்கே குடிவந்தேன். சுபேதாரைக் கூட்டிவரப் போனேன். என் கையை முகர்ந்தான். பிறகு நேராகப் போய் முத்துலட்சுமியின் காலடியில் படுத்துக்கொண்டான்.

"போகப்போகப் பழகிருவான்க்கா" என்றாள். அவள் எனக்கு ஆறுதல் சொன்னது இன்னும் எரிந்தது. வெறுங்கையோடு திரும்பினேன்.

போன மாதம் அவளே என் வாசலுக்கு வந்தாள். கூடவே ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் படுத்துக்கொள்ளும் ஒரு பெரியவர், அவரும் பட்டாளத்தில் இருந்தவர். அவருக்குக் கண் ஆபரேஷன். அவருடைய வயதான பெட்டை நாய்க்கு ஹாஸ்டலில் இடமில்லை. "நீங்க வச்சிக்கிடுதியளாக்கா?"

முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்தப் பெரியவர் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். வாங்கிக்கொண்டேன்.

இரண்டு நாளில் அவருடைய மகள் வந்து கேட் அருகே நின்றாள். நாய் என் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தது.

"பெத்த பொண்ணு நானு. எவ்ளோ கெஞ்சியும் ஆஸ்பத்திரிக்கு வர்ல. ஒங்ககிட்ட நாய குட்துட்டு ஒடனே போய்ட்டாரு. அப்டி இன்னாத்த சொன்னீங்க?"

அந்தக் குரலை எனக்குத் தெரியாதா, அண்ணா? உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். நாய்க்கு வைக்கிற சோற்றுத் தட்டை அவள் கையில் கொடுத்தேன். "நீ வைம்மா. நான் போன்ல எடுக்கிறேன். இன்னிக்கி ஒங்கப்பா ஒன்னியும் சேத்துப் பாக்கட்டும்."

வைத்தாள். அழுதுகொண்டே வைத்தாள். எனக்கு யாரும் அப்படி ஒரு தட்டு கொடுக்கவில்லையே என்று அப்போதும் பொறாமைதான் வந்தது.

அது தீராது, தீரச் சொல்லாதே. ஆனாலும் ஞாயிறுதோறும் சுபேதாரைப் பார்க்கப் போகிறேன். இனி எந்தப் பட்டாளத்துக்காரரின் நாய் என் வாசலுக்கு வந்தாலும், அவர் திரும்பி வரும்வரை அதற்கு இங்கே சோறும் இடமும் உண்டு. இது உன்மேல் சத்தியம்.

உன் தங்கை
கௌரி
(ஒரே தங்கை என்று போடத்தான் கை துடிக்கிறது.)