ஒரே நாளில் கொடுத்த ரத்தம்

இயேசு மரி சூசை துணை

பத்துபஸ்தி, போர்ட் பிளேர்
ஆகஸ்ட் 3

அன்பு மகன் ஜெரால்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் ஜோஸ்லினும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன், இங்கே நாங்கள் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், அந்த அளவுக்குச் சுகம். வாரா வாரம் வீடியோவில் முகம் பார்க்கிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். வீடியோவில் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அவரை வைத்துக்கொண்டு இதைப் பேச முடியாது. அன்பழகன் மாமா லீவு முடிந்து தோஹா திரும்புகிறார், அவர் கையில் நெத்திலிக் கருவாட்டோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். கருவாட்டை ஃபிரிட்ஜில் வை, போன தடவை மாதிரி பூஞ்சணம் பிடிக்க விடாதே.

நீலாவதி அக்கா ஆக்சிடென்டில் போய்விட்டாள் என்று ஜூன் மாதம் சொன்னேன் அல்லவா, அதற்கு மேல் சொல்லவில்லை. நம் சேவா கிளப்பில் வேலை செய்கிற ஒரே ஆள் என்று நான் கேலி பண்ணுவேன், அது கேலியும் இல்லை. வண்டூர் கடற்கரையில் பிளாஸ்டிக் பொறுக்கப் போனால் முப்பது பேர் கிளவுஸ் மாட்டிக்கொண்டு போட்டோவுக்கு நிற்பார்கள், போட்டோ முடிந்ததும் சாக்கோடு நிற்பவள் அவள் மட்டும்தான். யாருக்கு ரத்தம் தேவை என்றாலும் அவளுக்குத்தான் போன் வரும், பெரார்கஞ்ச் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு வராண்டாவில் நின்றபடியே ஆள் பிடித்துவிடுவாள். என் ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுத்தவர்களைத் தன் ஸ்கூட்டியில் ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டு வந்தது அவள்தான், நீ அப்போது காலேஜில் இருந்தாய்.

ஏப்ரலில் கிளப்பின் ஆண்டு விழா. மெயின்லேண்டிலிருந்து பெரிய நிர்வாகி ஒருவர் விமானத்தில் வருகிறார் என்று தலைவர் சிவப்பிரகாசத்துக்குத் தலைகால் புரியவில்லை. ரத்ததான முகாமில் நூறு பேரைத் தாண்ட வேண்டும், சால்வை, பானர், எல்லாம் ரெடி. உனக்கும் அப்பாவுக்கும் இருக்கிறதே ஓ நெகட்டிவ், அது கிளப்பில் நீலாவதியையும் சேர்த்து ஐந்து பேருக்குத்தான். அவள் முகாமுக்கு முன்பே சொன்னாள், நெகட்டிவ் ஆளுங்கள தள்ளி வைங்கண்ணா, திடீர்னு கூப்பிட்டா வர நாலு பேராவது வேணும், இது தீவு, பக்கத்து ஜில்லாவுல இருந்து ஆள் வராது என்று. சிவப்பிரகாசம் கேட்கவில்லை, இன்னிக்கு ஒரு நாள் எல்லாரும் ஒண்ணா படுப்போம் சிஸ்டர், சப் டீக் ஹோ ஜாயேகா, எல்லாம் சரியாயிடும் என்றார். தொண்ணூற்றாறிலேயே எண்ணிக்கை நின்றுவிட்டது என்று ஆளாளுக்கு அவள் முகத்தைப் பார்த்தார்கள். கடைசியில் ஐந்து பேரும் வரிசையாகப் படுத்தார்கள், அவளும்தான். உன் அப்பா ஜூஸைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து சால்வையை என் தோளில் போட்டுச் சிரித்தார்.

கொடுத்த ரத்தம் கெடாமல் இருப்பது ஒரு மாதம் சொச்சம்தானாம். கொடுத்தவர் மறுபடி கொடுக்க மூன்று மாதமாவது ஆக வேண்டும். அந்த ஐந்து பாட்டிலில் இரண்டு யாருக்கோ உதவியது, மிச்சம் கெடு முடிந்து வீணாய்ப் போயிற்று. அதற்குப் பிறகுதான் ஜூனில், வண்டூரில் குப்பை பொறுக்கிவிட்டு மழையில் திரும்பியவள் ஸ்கூட்டி சறுக்கி டிப்பர் லாரியின் சக்கரத்தில் விழுந்தாள். இடுப்பு நொறுங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் அவளுக்கேற்ற ரத்தம் ஒரே ஒரு பாட்டில் இருந்தது, அதை ஏற்றினார்கள். பிள்ளை பெற்றபோதே அவள் உடம்புக்கு பாசிட்டிவ் ஒத்துக்கொள்ளாது என்று ஆகிவிட்டதால் அதைக் கொடுக்க டாக்டர் பயந்தார். கிளப்புக்கு வெளியே விசாரித்ததில் தெரிந்த இரண்டு ஓ நெகட்டிவ் ஆட்களில் ஒருவர் வடக்குக் கோடியில் டிக்லிபூரில் காய்ச்சலாகக் கிடந்தார், இன்னொருவர் சென்னைக் கப்பலில் நடுக்கடலில். உன் அப்பா போய் என்னிடம் எடுங்கள், எனக்கு ஒன்றும் ஆகாது என்று சட்டைக் கையை மடக்கிக்கொண்டு நின்றாராம். டாக்டர் சோதித்துப் பார்த்து, உங்கள் ரத்தமே இன்னும் தேறவில்லை, உங்களையும் படுக்க வைக்க வேண்டியதாகிவிடும் என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார். மற்றவர்களுக்கும் அதே பதில்தான்.

சென்னையிலிருந்து மறுநாள் காலை விமானத்தில் ரத்தம் வருகிறது என்றார்கள். நம் வீட்டுக்கு மேலேதானே விமானம் இறங்கும். நான் ஜெபமாலையோடு வாசலில் நனைந்துகொண்டு நின்றேன். சத்தம் வந்தது, மேகத்துக்குள் ஒரு சுற்று, இன்னொரு சுற்று, பிறகு மெல்ல மெல்லக் குறைந்து போய்விட்டது. இறங்க முடியவில்லை என்று சென்னைக்கே திருப்பிவிட்டார்கள். மத்தியானம் அவள் போய்விட்டாள். மகனே, அந்தச் சத்தம் போனதிலிருந்து எந்த விமானம் வந்தாலும் இறங்குகிறதா என்று வாசலுக்கு ஓடிவிடுகிறேன், பத்துபஸ்தியில் இருந்துகொண்டு நான் எங்கே போய்க் காதைப் பொத்திக்கொள்வது.

உன் அப்பா கிளப்புக்குப் போவதில்லை. கப்பல் இன்ஜின் ரூமில் முப்பது வருஷம் சத்தத்தோடு வாழ்ந்த மனிதர் இப்போது போன் மணி கேட்காமல் போய்விடும் என்று டிவியைக்கூடப் போட விடுவதில்லை. போனை மட்டும் கையை விட்டு இறக்குவதில்லை, குளிக்கும்போதும் பாத்ரூம் ஜன்னலில் வைத்திருக்கிறார். யாரும் கூப்பிடுவதில்லை, கூப்பிடுகிறவள்தான் போய்விட்டாளே. கொடுத்தது தப்பா ரீத்தா என்று ஒரே ஒரு நாள் கேட்டார், கொடுத்தது தப்பில்லை என்றுதான் சொன்னேன்.

இனிமேலாவது திருந்துவார்கள் என்று நினைத்தேன். நேற்று சிவப்பிரகாசமே வீட்டுக்கு வந்தார். கண் கலங்கித்தான் பேசினார், கெட்ட மனிதர் இல்லை, அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது. நீலாவதி நினைவாக இந்த மாதம் மெகா ரத்ததான முகாமாம், இந்தத் தடவை இருநூறு பேராம், அவள் படத்தோடு பானர் அடித்தாயிற்றாம். ஓ நெகட்டிவ் நாலு பேரும் முதல் வரிசையில் படுத்தால் அவள் ஆத்மா சாந்தியடையும் என்றார். அவள் சொன்னது ஒருத்தர் காதிலும் ஏறலையாண்ணா என்று கேட்டேன், அழுதார், ஆனால் தேதியை மாற்றவில்லை. மூன்று பேர் சம்மதித்துவிட்டார்கள். உன் அப்பா தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை, எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் போகாவிட்டால் செத்தவளுக்குக் கூட கொடுக்காதவர் என்று ஊர் பேசும். போனால் மறுபடி இந்தத் தீவில் கூப்பிட ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

உனக்கும் ஜோஸ்லினுக்கும் கர்த்தரும் மாதாவும் துணையிருக்கட்டும், ஒரு குறையும் அண்டாமல் காக்கட்டும். வெயிலில் அலையாதே, கீரையும் ஈரலும் சேர்த்துக்கொள். அங்கே உன் கம்பெனியில் முகாம் வைத்து வரிசையில் கூப்பிட்டால் உன் பெயரையும் நம்பரையும் மட்டும் கொடுத்துவிட்டு வா, ஆபத்து என்று ஒருவர் போன் பண்ணினால் சாப்பாட்டுத் தட்டை விட்டுவிட்டு ஓடு. டிசம்பரில் லீவுக்கு வரும்போது என்ன வேண்டும் என்று கேட்டிருந்தாய். சாக்லேட் வேண்டாம், பேரீச்சம்பழம் வேண்டாம், எனக்கு ஒன்றும் வேண்டாம் ராசா. வருவதற்கு முன் அங்கே எந்த முகாமிலும் ரத்தம் கொடுத்துவிடாமல் வா. நீ இங்கே இருக்கிற அந்த ஒரு மாதமாவது, இந்த ஊரில் கூப்பிட்டால் வர ஒரு ஆள் இருக்கட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
மத்தியாஸ் ரீத்தா