சம்பந்தி வீட்டாருக்கு நான் போட்ட டூர்

ஜூன் 3, திங்கள்

சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் வந்து இன்றோடு பத்து நாள். செப்டம்பர் வரை இருப்பார்கள். மகளைக் கட்டிக் கொடுத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து இப்போதுதான் அவள் வீட்டைப் பார்க்கிறார்கள். அந்தம்மா கோபியில் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். அப்படிப்பட்டவர்களை நியூஜெர்சி வரை வரவழைத்து நாலு சுவருக்குள் உட்கார வைத்தால் நமக்கு என்ன மரியாதை?

மகன் பூபதிக்கும் மருமகள் தாரிணிக்கும் லீவு கிடையாது. பேத்தி பிறந்ததிலிருந்து எட்டு வருடமாக இங்கேயே இருப்பவள் என்று, ஊர் சுற்றிக் காட்டும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். மளிகைக் கடைக்குப் பக்கத்தில் டிராவல்ஸ் வைத்திருக்கும் குஜராத்திப் பெண் ஹன்ஸாபென்னிடம் போனேன். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. இருவருக்கும் இருக்கிற இங்கிலீஷைக் கூட்டிப் பெருக்கி, சனிக்கிழமை வாஷிங்டன் பஸ்ஸில் இரண்டு சீட் போட்டுவிட்டேன். கடைசி வரிசையாகக் கேட்டு வாங்கினேன். சம்பந்திக்குச் சர்க்கரை, பாத்ரூம் ஒட்டினாற்போல இருந்தால்தானே வசதி? ஐந்தாம் வகுப்புப் படித்தவளுக்கு இந்த யோசனை வந்ததே என்று பூபதி அசந்து போனான்.

ஜூன் 8, சனி

ஐந்தரை மணிக்கு பஸ். புளிசாதம், தயிர்சாதம், ஊறுகாய் எல்லாம் கட்டிக் கொடுத்தேன்.

பேத்தி இலக்கியா எழுந்ததும் அம்மாவைப் பெற்றவளைத் தேடிக் கேட்ட முதல் கேள்வி: "அம்முச்சி எங்க?"

"ஜனாதிபதி வீட்டப் பாக்கப் போயிருக்காங்க, கண்ணு."

"எப்ப வருவாங்க?"

தோசையைத் திருப்பிப் போட்டேன்.

ஜூன் 10, திங்கள்

அந்தம்மா இலக்கியாவுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அப்பத்தா, உங்களுக்கு பின்னம் தெரியாது. நான் அம்முச்சிகிட்டயே கேட்டுக்கறேன்" என்றாள்.

எட்டு வயதுக் குழந்தை. தெரியாததைத் தெரியாது என்று சொன்னாள். அதில் என்ன இருக்கிறது?

என்னவோ இருக்கிறது. அதிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. பொரியலுக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன்.

ஜூன் 11, செவ்வாய்

பாஸ்டன். சனி, ஞாயிறு. இரண்டு சீட், அதே கடைசி வரிசை.

ஜூன் 13, வியாழன்

"ஏனுங்க சம்பந்தி, எங்களுக்காக உங்களுக்கு எத்தனை சிரமம்?" என்றார் அந்தம்மா.

"சிரமம் என்னங்க, இவ்வளவு தூரம் வந்துட்டு பாஸ்டன் பாக்காமப் போலாமுங்களா?"

"அதுக்கென்னுங்க, போயிட்டு வர்றோம்."

மறுத்து ஒரு வார்த்தை இல்லை. ஆசையாகத்தான் போகிறார்கள். அப்படித்தானே?

ஜூன் 17, திங்கள்

நேற்று வந்தவர்கள் இன்று மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. பார்த்த அலுப்பு.

எலுமிச்சம்பழம் எங்கே போகிறது? வெள்ளிக்கிழமை ஆறு வாங்கி வைத்தேன், ஒன்றுகூட இல்லை. மடித்து வைத்திருந்த மளிகைப் பைகளையும் காணோம். "எலுமிச்சம்பழத்துக்கு போலீஸ்ல எழுதிக் குடுத்துரலாமா அம்மா?" என்கிறான் பூபதி. சிரிப்பு அவனுக்கு.

ஜூன் 19, புதன்

இந்த வாரத்தோடு இலக்கியாவுக்குப் பள்ளிக்கூடம் முடிகிறது. இன்று நடந்தே போய் நயாகரா போட்டுவிட்டு வந்தேன். 28ஆம் தேதி, மூன்று நாள். அவர்களைக் கேட்கவில்லை. கேட்டாலும் சரி என்றுதான் சொல்லப் போகிறார்கள்.

அந்தம்மா வீட்டில் இருந்தால் லீவு முழுக்கப் பிள்ளை அவர் மடியில்தான் கிடக்கும்.

— எழுதிவிட்டேன். இருக்கட்டும். கோடு போட்டு அடிக்கவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

சாப்பிடும்போது சம்பந்தி தொண்டையைச் செருமிக்கொண்டார். "மாப்ள, எங்க டிக்கெட்டைக் கொஞ்சம் முன்னால மாத்த முடியுங்களா? ஜூலை மொத வாரத்துல கிளம்பிர்றோம். தோட்டத்துல வேலை கிடக்குது."

தாரிணி பாதித் தட்டோடு எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். அந்தம்மா குனிந்த தலை நிமிரவில்லை.

எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். இல்லை. ஏன்?

ஜூன் 24, திங்கள்

தாரிணி ஆபீஸ் போகவில்லை. அடுப்படியில் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"அத்தை, அம்மாவுக்கு பஸ்ஸே ஆகாது. வாஷிங்டன் போறதுக்குள்ள நாலு பை வாந்தி. பாஸ்டனுக்கு எலுமிச்சம்பழத்த மோந்துக்கிட்டே போயும் ஆகல. அதுலயும் கடைசி சீட்டு தூக்கித் தூக்கிப் போடுது, பக்கத்துல பாத்ரூம் நாத்தம்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"யாரு சொல்றது? மாப்பிள்ளையோட அம்மா ஆசையாப் போட்டதப் பொண்ணப் பெத்தவங்க வேண்டாம்பாங்களா? என்னையும் வாயத் தொறக்கக் கூடாதுன்னுட்டாங்க. இப்ப நயாகரான்னதும் ஊருக்கே போறேங்கறாங்க." அடுப்பைத் தணித்துவிட்டுக் கேட்டாள்: "அவங்க இங்க இருக்கறது உங்களுக்குப் பிடிக்கலையா அத்தை?"

"ச்சே, அப்பிடியெல்லாம் இல்ல சாமி" என்றேன்.

பொய். வாய் கூசாமல் பொய்.

எனக்கும் திருப்பூரில் ஒரு மகள் இருக்கிறாள். அவள் மாமியார் வைத்த நாலாவது இட்லியை, வயிறு வெடிக்கிற மாதிரி இருந்தும், வேண்டாம் என்று சொல்ல முடியாமல் தின்றுவிட்டுக் கொல்லைப்புறம் போய் நின்றவள்தானே நான்? எனக்குத் தெரியாதா? தெரிந்துதானே — இல்லை, வாந்தி தெரியாது. அது சத்தியமாகத் தெரியாது. மற்றதெல்லாம் தெரியும்.

ஜூன் 25, செவ்வாய்

அந்தம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். எதிரே போய் உட்கார்ந்தேன். எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் இல்லை. "நயாகராவுக்கு நீங்க போக வேண்டாமுங்க" என்றேன், அதிகாரம் பண்ணுகிற மாதிரி.

பதறிவிட்டார். "ஏனுங்க சம்பந்தி, எங்க மேல ஏதாச்சும் வருத்தமுங்களா? நாங்க போறோமுங்க, எங்களுக்கு ஒண்ணும் சிரமமில்லீங்க."

இதற்குமேலும் மூடி வைப்பதா?

"அந்த டூரெல்லாம் உங்களுக்குன்னு போடலீங்க. எனக்குன்னு போட்டது. புள்ள உங்க பின்னாலயே சுத்துதுன்னு எனக்குத் தாங்கல."

இலக்கியாவின் கவுனை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"எட்டு வருசமா போன்ல உங்க இடுப்புல அவளப் பாத்துப் பாத்து வயிறெரிஞ்சவ நானு" என்றார். "நீங்க ஒரு மாசத்துக்கே இந்தப் பாடா?"

சிரித்தாரா, அழுதாரா, நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. மீதித் துணியை நானும் மடித்தேன்.

ஜூன் 26, புதன்

நயாகரா சீட்டு இரண்டையும் ஹன்ஸாபென் வேறு யார் பேருக்கோ மாற்றிக்கொண்டாள். பூபதி டிக்கெட் விஷயத்தை எடுத்தான். சம்பந்தி மனைவியைப் பார்த்தார். அந்தம்மா, "பாக்கலாமுங்க மாப்ள" என்றார். போகிறார்களா இருக்கிறார்களா என்று தெரியவில்லை. நானாகக் கேட்டால் அதுவும் உத்தரவாகிவிடுமோ என்று வாயைக் கட்டிக்கொண்டு திரிகிறேன். நடை, நடை, வீட்டுக்குள்ளேயே நடை.

ஜூலை 2, செவ்வாய்

ஒன்றும் தெரியவில்லை. பெட்டியும் கட்டவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

பூபதி எல்லோரையும் காரில் கடற்கரைக்குக் கூட்டிப் போகிறேன் என்றான். "சம்பந்தி, நீங்க முன்னால உக்காந்துக்குங்க, கார்ல ஒண்ணும் பண்ணாது" என்றேன் நான்.

அந்தம்மா சோபாவில் காலை நீட்டிக்கொண்டிருந்தார். "என்னால முடியாதுங்க சம்பந்தி. நீங்க போயிட்டு வாங்க. செப்டம்பர் வரைக்கும் இங்கதான இருக்கப் போறோம், கடல் எங்க ஓடிப் போகுது? அப்பறம் இன்னொண்ணு, நேத்து வெச்ச குழம்புல புளி ரொம்பச் சாஸ்திங்க."

பூபதி ஷூவைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டான். தாரிணி என் முகத்தையே பார்த்தாள். என் குழம்பை இந்த வீட்டில் இதுவரை ஒருத்தரும் குறை சொன்னதில்லை.

"நானும் அம்முச்சியோட இருக்கட்டுமா, அப்பத்தா?" என்றாள் இலக்கியா.

"இரு, கண்ணு" என்றேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே உள்ளே குரல் கொடுத்தேன்: "அப்ப இன்னிக்குக் குழம்பை நீங்களே வெச்சுருங்க. புளி ரெண்டாவது தட்டுல, நீலமூடி டப்பாவுல இருக்குது."