ஏழு கட்டங்கள்

பொங்கோல்
7 ஜூலை 2025

அன்புத் தம்பி அர்ஃபானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கூடப்பிறந்த லாத்தா மைமூன் எழுதுகிறேன்.

எட்டு மாதமாக உன் முகத்தைப் பார்க்கவில்லை. நவம்பரில் என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் பாதிச் சோற்றோடு எழுந்து போனாய். அன்றைக்கே என் எண்ணையும் தடுத்துவிட்டாய். அதனால்தான் பேனா எடுத்தேன். டன்லப் ஸ்ட்ரீட் கடைமாடியில் அதே அறையில்தான் இன்னும் வேலை செய்கிறாய் என்று நம்பி அனுப்புகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? கேட்க எனக்கு உரிமை இருக்கிறதோ என்னவோ, கேட்காமல் மேற்கொண்டு எழுத வரவில்லை.

முதியவர்களின் வீடுகளுக்கு எங்கள் நிறுவனம் மருந்து கொண்டுபோய்க் கொடுக்கும்போது கூடவே தாள்கள் வைப்போமே, எந்த மாத்திரையை எப்போது சாப்பிட வேண்டும் என்று அவரவர் மொழியில், வாரத்துக்கு ஒரு தாளாக, சாப்பிட்டதும் டிக் போட நாளுக்கு ஒரு கட்டத்தோடு. நீ வரைந்து கொடுத்தது. நாம் சண்டை போட்டதும் அதைப் பற்றித்தான். நான் மாற்றச் சொன்ன அந்தப் புதுத் தாளை ஜூன் நடுவில் வெளியே விட்டோம்.

ரோவல் ரோட்டில் சிதம்பரம் என்று ஒருவர். எழுபத்தொரு வயது, முன்பு பேருந்து ஓட்டியவர். மூட்டுவாதத்துக்கு அவருக்குப் புதிதாக ஒரு மாத்திரை எழுதியிருந்தார்கள். வாரத்துக்கு ஒன்றுதான் சாப்பிட வேண்டும். மூன்று மாதத்துக்குப் பன்னிரண்டு கொடுத்தோம். அவர் அதைத் தினமும் சாப்பிட்டுவிட்டார். ஒன்பது நாள். வாயெல்லாம் வெந்து, ரத்த அணுக்கள் குறைந்து, இப்போது தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார்.

சுகாதாரத் துறையின் விசாரணை தொடங்கிவிட்டது. தம்பி, வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டுக் கேட்டபோது, தாள் அப்படித்தான் வரைபவரிடமிருந்து வந்தது, நாங்கள் கவனிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். எப்படி வாயில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. உன்னை அழைப்பார்கள். நவம்பரில் நமக்குள் போய்வந்த மின்னஞ்சல்களைப் பற்றி நீ எதுவும் சொல்ல வேண்டாம். தவறு நடந்துவிட்டது என்று மட்டும் சொல். உனக்கு ஒரு வாடிக்கையாளர் போவார். எனக்கு இருபத்திரண்டு வருட வேலையும் போய், கோர்ட்டு வரைக்கும் வரும். உன்னைத் தவிர நான் யாரிடம் கேட்பது?

உன் லாத்தா,
மைமூன்


டன்லப் ஸ்ட்ரீட்
9 ஜூலை 2025

லாத்தாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். தபாலில் போட்டால் நாளாகும் என்று இதை நானே உங்கள் அடுக்குமாடி புளோக்கின் தபால்பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறேன். மேலே வரவில்லை. நேரில் பேசினால் கத்துவேன்.

நவம்பரில் நான் எழுதியது எனக்கு மனப்பாடம். பழைய தாளில் வாரம் ஒருமுறை மாத்திரையை மற்றவற்றோடு சேர்க்காமல் மேலே தனியாக வைத்திருந்தேன். சுற்றிலும் கறுப்புக் கோடு, உள்ளே பெரிய எழுத்தில் "திங்கள் மட்டும்", பக்கத்தில் ஒரே ஒரு கட்டம். அதைச் சுற்றி வேறு எதுவும் இல்லை. கண் தாளில் விழுந்ததும் அங்கேதான் போகும். மற்றதெல்லாம் அப்புறம்தான்.

நீங்கள் மேலாளர்களுக்கான வடிவமைப்பு வகுப்புக்கு இரண்டு நாள் போய்விட்டு வந்தீர்கள். வெற்றிடம் வேண்டும், எல்லாம் ஒரே சீராக இருக்க வேண்டும், நிறுவனத்தின் நிறம் எங்கும் தெரிய வேண்டும் என்று மூன்று விஷயம் கற்றுக்கொண்டு வந்தீர்கள். மூன்றும் சரிதான். ஆனால் யாருக்காக என்று கேட்காமல் வந்துவிட்டீர்கள். கறுப்புப் பெட்டி உறுத்துகிறது என்றீர்கள். உறுத்தத்தான் அதை வைத்தேன். வெளிர்பச்சைத் தாளில் சாம்பல் எழுத்தில் "வாரம் ஒருமுறை" என்று எழுதினால் கண்புரை உள்ளவருக்கு அது வெறும் தாள்தான். எல்லா வரிசையும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று அந்த மாத்திரைக்கும் ஏழு கட்டம் போடச் சொன்னீர்கள். ஏழு கட்டத்தைக் கொடுத்தால் மனிதன் ஏழையும் நிரப்புவான். நான்கு முதியவர்களிடம் காட்டிப் பார்க்கலாம் என்று கேட்டேன். நேரமில்லை, "நீ ஆர்ட்டிஸ்ட், நான் மேனேஜர், சொன்னத செய்" என்றீர்கள்.

பொய் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். வேலையைப் பற்றி இருக்கிறது, கோர்ட்டைப் பற்றி இருக்கிறது. அந்தத் தாள் இப்போது எத்தனை வீடுகளில் இருக்கிறது என்று ஓர் இடத்திலும் இல்லை.

அர்ஃபான்


பொங்கோல்
10 ஜூலை 2025

தம்பி,

முந்நூற்று நாற்பது வீடுகள். அதில் வாரம் ஒருமுறை மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சிதம்பரத்தை விட்டுவிட்டால், பதினொரு பேர். நீ கேட்டபிறகுதான் எண்ணினேன் என்று நினைக்காதே. முதல் நாளே எண்ணிவிட்டேன். உனக்கு எழுதத்தான் வெட்கமாக இருந்தது.

தாள்களைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று எங்கள் இயக்குநர் வெங்கட்டிடம் இரண்டு முறை சொன்னேன். திரும்ப வாங்கினால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும், வக்கீல் திங்கட்கிழமை வருகிறார், அதுவரை யாரும் எந்த வீட்டுக்கும் போன் செய்யக்கூடாது என்றார். எழுத்திலும் அனுப்பிவிட்டார். நானும் சரி என்று உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறேன் என்று எழுதும்போதுதான் அது எப்படிப்பட்ட காரியம் என்று தெரிகிறது.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள், போனேன். சிதம்பரத்தின் மகள் சிவானி வெளியே நாற்காலியில் இருந்தார். கிளமெண்டியில் ஏதோ பள்ளியில் வேலையாம். என்னை நர்ஸ் என்று நினைத்துவிட்டார், நானும் திருத்தவில்லை. கைப்பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்துக் காட்டினார். முதல் தாளில் ஏழு டிக், இரண்டாவதில் இரண்டு. நீலப் பேனா. ஒன்றுகூடக் கட்டத்தைத் தாண்டவில்லை.

"அப்பா எதயும் மறக்கல. நீங்க சொன்னபடியேதான் சாப்பிட்டாரு. அப்புறம் ஏன் இப்படி?" என்று கேட்டார்.

லிஃப்டுக்குக் காத்திருக்காமல் எட்டு மாடியும் படியிலேயே இறங்கி வந்தேன்.

இதை உன் ஷட்டருக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறேன். நீ உள்ளே இருந்தாலும் கூப்பிட மாட்டேன். என்ன செய்யட்டும், சொல். இந்த முறை நீ சொல்வதைச் செய்கிறேன்.

மைமூன்


டன்லப் ஸ்ட்ரீட்
11 ஜூலை 2025, காலை

லாத்தாவுக்கு,

உறைக்குள் நாற்பது ஒட்டுத்தாள்கள் இருக்கின்றன. தமிழ், சீனம், மலாய், ஆங்கிலம் ஒவ்வொன்றிலும் பத்து. அந்த வரிசையின் அகலத்துக்கே வெட்டியிருக்கிறேன். ஒட்டினால் ஏழு கட்டமும் மறைந்துவிடும். மேலே ஒரே கட்டமும் "வாரத்தில் ஒரு நாள் மட்டும்" என்ற எழுத்தும்தான் தெரியும். வெள்ளையில் கறுப்பு, வேறு நிறமே கிடையாது. கிழமையை எழுத இடம் விட்டிருக்கிறேன். தடித்த பேனாவால் எழுதுங்கள்.

போன் செய்ய வேண்டாம். போனில் எல்லாரும் சரி சரி என்றுதான் சொல்வார்கள். நேரில் போங்கள். ஒட்டிவிட்டு, "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், அதற்கும் சரி என்பார்கள். தாளை அவர்கள் கையில் கொடுத்து, "இந்த மாத்திரைய அடுத்து எப்ப சாப்பிடுவீங்க?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்வது தப்பாக இருந்தால் தப்பு நம் தாளில். அவர்கள்மேல் எரிந்துவிழாதீர்கள். மாத்திரைகளையும் எண்ணிப் பாருங்கள்.

வெங்கட் தடுத்தால் என்ன செய்வது என்று நீங்கள் என்னிடம் கேட்கக்கூடாது.

விசாரணை அதிகாரி நேற்று என்னை அழைத்தார். வெளியூரில் வேலை, திங்கட்கிழமை பேசுகிறேன் என்றேன். அதுதான் உங்களுக்காக நான் சொன்ன ஒரே பொய், இனி இல்லை. அதற்குள் நீங்களே போய் உண்மையைச் சொன்னால் நல்லது. சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.

அர்ஃபான்


பொங்கோல்
13 ஜூலை 2025, ஞாயிறு

அன்புத் தம்பிக்கு,

சிதம்பரம் இன்று விடியற்காலை இறந்துவிட்டார். அதை முதலில் எழுதிவிடுகிறேன். எழுதாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை உன் உறை கிடைத்ததும் வேலைக்கு லீவு போட்டேன். முகவரிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு கிளம்பினேன். அப்படி எழுதி எடுத்துவந்ததே தப்புதான், அதற்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டு நாளில் பதினொரு வீடும் முடிந்தது. கிளமெண்டியில் ஒரு சீன அம்மா கதவைத் திறக்கவே இல்லை. கம்பிக்கதவு வழியாகத் தாளைக் காட்டி, ஒரு விரலை மட்டும் உயர்த்திக் காட்டினேன். அவரும் ஒரு விரலைக் காட்டி, நாட்காட்டியில் புதன்கிழமையைத் தொட்டார். பாதிப் பேருக்கு மேல் பழைய நோயாளிகள், பழக்கத்தில் சரியாகவே சாப்பிட்டுவந்தார்கள். தாளை அவர்கள் பார்ப்பதே இல்லையாம்.

பிடோக்கில் ஜலாலுதீன் என்று ஒருவர் தனியாக இருக்கிறார். அவருக்கும் மாத்திரை புதிது, புதன்கிழமைதான் தொடங்கியிருந்தார். அவர் முகவரி என் பட்டியலில் ஏழாவதாக இருந்தது, நேற்று மதியம்தான் அங்கே போய்ச் சேர்ந்தேன். நீ சொன்னபடி தாளைக் கையில் கொடுத்து, அடுத்து எப்போது சாப்பிடுவீர்கள் என்று கேட்டேன்.

"நாளைக்குத்தான். இன்னிக்கு சாப்பிட்டாச்சும்மா" என்றார்.

எண்ணிப் பார்த்தேன். நான்கு குறைந்திருந்தது. வாயைத் திறக்கச் சொன்னேன். நாக்கின் ஓரத்தில் வெள்ளையாக இரண்டு புண். சோறு காரமாக இருக்கிறது என்று நினைத்துக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாராம். டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். வழியெல்லாம் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார், கண்ணாடி போடாமல் படித்துவிட்டேன் என்று. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நேரத்தோடு வந்துவிட்டீர்கள், மாற்றுமருந்து கொடுத்தாயிற்று என்று டாக்டர் சொன்னார். வெள்ளிக்கிழமையே அவர் வீட்டுக்கு முதலில் போயிருந்தால் ஒரு மாத்திரை குறைந்திருக்கும். திங்கட்கிழமை உனக்குக் கடிதம் எழுதிய நேரத்தில் போயிருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது.

இன்று காலை வெங்கட்டுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டியை எடுக்கச் சொன்னது நான், ஏழு கட்டம் போடச் சொன்னது நான், உன்மேல் பழி போட்டது நான், வீடுகளுக்குப் போனதும் நான். அவர், "மைமூன், திங்கக்கிழம வரைக்கும் வெயிட் பண்ணியிருக்கலாம்லா" என்றார். அதிகாரிக்கும் எழுதி அனுப்பிவிட்டேன்.

இதைத் தைரியம் என்று நினைத்துவிடாதே. ஜலாலுதீன் வாயைத் திறந்து காட்டியபிறகு வேறு எதுவும் செய்ய முடியவில்லை. மனிதர் இறந்துபோன பிறகு சொன்ன உண்மைக்கு என்ன மதிப்பு என்றும் தெரியவில்லை. தொழுகையில் நின்றால் அந்த நீல டிக்தான் கண்ணுக்குள் வருகிறது. நாளை மதியம் அவரை எடுக்கிறார்கள். எனக்குப் போக முகமில்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க இந்தக் கடிதம் போதாது. கேட்காமலும் முடிக்க முடியவில்லை.

லாத்தா


டன்லப் ஸ்ட்ரீட்
15 ஜூலை 2025

அன்புள்ள லாத்தா,

நேற்று ரோவல் ரோட்டுக்கு நான் போனேன். புளோக்கின் கீழ்த்தளத்தில் உடலை வைத்திருந்தார்கள். மண்டாய் தகனச்சாலைக்குக் கொண்டுபோக வண்டி வந்து நின்றது. பழைய பேருந்து ஓட்டுநர்கள் ஏழெட்டுப் பேர் ஒரே வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் தூணோரமாக நின்றேன். சிவானி என்னைப் பார்த்துவிட்டுத் தானாகவே வந்து, யார் என்று கேட்டார். அப்பாவோடு வேலை பார்த்தவர் மகனா என்றார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

"அந்தத் தாள வரைஞ்சவன்" என்றேன்.

அவர் என் கையைப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "புதுத் தாள் அழகா இருக்குன்னு அப்பா எனக்கு படம் எடுத்து அனுப்பினாரு. பழசு கருப்பா, சாவு நோட்டீஸ் மாதிரி இருக்குமாம்." பிறகு, "நீங்க போயிடுங்க" என்றார். வந்துவிட்டேன்.

போன வாரம் உங்களுக்கு எழுதிய கடிதத்தில் நான் எச்சரித்ததை எல்லாம் எழுதினேன். அதற்குப் பிறகு என்ன செய்தேன் என்பதை எழுதவில்லை. நீங்களும் ஒரு கடிதத்தில்கூட அதைக் கேட்கவில்லை. எச்சரிக்கை அனுப்பி இருபது நிமிடத்தில் நீங்கள் கேட்டபடியே மாற்றி அனுப்பினேன். கறுப்புப் பெட்டியை நீக்கியது என் கை. ஏழு கட்டத்தை அளந்து வரிசையாக வைத்ததும் என் கை. முடியாது என்று ஒரு வரி எழுதியிருந்தால் அன்றைக்கு அந்தத் தாள் அச்சுக்குப் போயிருக்காது. எழுதவில்லை. போகட்டும், யாராவது போன் செய்து திட்டினால்தான் லாத்தாவுக்குப் புத்தி வரும் என்று நினைத்துக்கொண்டே பொத்தானை அழுத்தினேன். யாராவது திட்டுவார்கள் என்றுதான் நினைத்தேன். சாவார்கள் என்று நினைக்கவில்லை. ஆனால் அந்த மாத்திரை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும், லாத்தா. தெரிந்துதான் முதலில் பெட்டி போட்டேன்.

இதை அதிகாரியிடம் நேற்று மாலை போனில் சொல்லிவிட்டேன். எழுத்திலும் கேட்டிருக்கிறார்.

ஜலாலுதீனைப் பார்க்கப் போனேன். இன்னும் கஞ்சிதான், ஆனால் எழுந்து உட்காருகிறார். மற்ற முந்நூற்றுச் சொச்சம் வீட்டுத் தாள்களையும் திரும்ப வாங்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டதாக அதிகாரி சொன்னார். உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு என்னை வரச் சொல்லியிருக்கிறார்கள். உங்களையும் அதே நேரத்துக்குத்தான், வேறு அறையில். என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை. உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன், அந்த வார்த்தையை எழுத நான் யார் என்று நிறுத்திவிட்டேன்.

ஒன்பது மணிக்கே வந்து கட்டடத்துக்குக் கீழே நிற்கிறேன். பேச வேண்டாம். பேசுவதற்கு என்னிடமும் ஒன்றுமில்லை. தனியாக மேலே ஏறிப் போய்விடாதீர்கள், அவ்வளவுதான்.

உங்கள் தம்பி,
அர்ஃபான்