அத்தா பின் சீட்டில் உட்கார்ந்த கதை

புக்கிட் பாஞ்சாங்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் ஸைஃபுக்கு, உன் அம்மா ஆமினா பீவி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் இங்கே நானும் உன் அத்தாவும் சுகமாக இருக்கிறோம், என் வலது முழங்காலுக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. நீயும் தமன்னாவும் என் பேரன் ஹாரிஸும் அந்தக் குளிரில் எப்படி இருக்கிறீர்களோ என்றுதான் காலையில் எழுந்ததும் நினைப்பு. வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பாமல் இதென்ன கடிதம் என்று நீ சிரிப்பாய். நான் அனுப்புகிற குரலை எல்லாம் நீ வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்கிறாய் என்று தமன்னா சொல்லிவிட்டாள், கடிதத்தை அப்படி ஓடவிட முடியாது இல்லையா. எதிர் புளோக் பாலகிருஷ்ணன் மகளைப் பார்க்க அங்கே வருகிறார், அவர் கையில்தான் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே ஹாரிஸுக்கு இரண்டு கம்பளித் தொப்பியும் தமன்னாவுக்குத் தேக்கா மார்க்கெட்டில் எடுத்த ஒரு சுடிதார் துணியும் இருக்கிறது. சாப்பாட்டுச் சாமான் ஒன்றும் வைக்கவில்லை, உங்கள் ஊர் ஏர்போர்ட்டில் போன தடவை என் மசாலாத்தூளுக்கு நடந்த விசாரணை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் பள்ளிக்கூட லீவில் நீங்கள் காரிலேயே உங்கள் பக்கத்துப் பனிமலை ஊரான குயின்ஸ்டவுன் போவதாகத் தமன்னா சொன்னாள். சந்தோஷம், பிள்ளை பனியைப் பார்க்கட்டும். ஆனால் முழுத் தூரத்தையும் நீ ஒருத்தனே ஓட்டப் போகிறாயாம், தமன்னா லைசென்ஸ் எடுத்து இத்தனை நாளாகியும் மலை ரோடு அவளுக்குச் சரிப்படாது என்று சொல்லிவிட்டாயாம். அவள் குறையாகச் சொல்லவில்லை, பேச்சுவாக்கில்தான் சொன்னாள், அவளிடம் போய்ச் சண்டை போடாதே. கேட்டதும் பேனாவை எடுத்துவிட்டேன், ஏனென்றால் நாங்கள் ஈப்போ போய் வந்த கதையை உனக்கு யாரும் முழுசாகச் சொல்லவில்லை. போனில் கேட்டபோது அத்தா நல்லபடியாகப் போய் வந்தோம் என்று முடித்துவிட்டார்கள். நல்லபடியாகத்தான் வந்தோம், அல்ஹம்துலில்லாஹ், ஆனால் எப்படி வந்தோம் என்பதை நான் சொல்கிறேன், நிதானமாகப் படி.

இந்த ஜூன் லீவில் ஈப்போவுக்கு உன் சின்னம்மா வீட்டுக்குப் போகலாம் என்று உனக்கு மூத்தவள், உன் லாத்தா ருக்ஸானாதான் ஆரம்பித்தாள். மாப்பிள்ளை இர்ஃபானுக்கு லீவு கிடைக்கவில்லை, அதனால் ருக்ஸானா வீட்டுக் காரில் நான், அத்தா, ருக்ஸானா, பேத்தி இன்ஷா, நாலு பேர்தான். அத்தாவுடைய பழைய காரை, வண்டி வைத்திருக்க வாங்கிய சி.ஓ.இ. அனுமதி முடிந்து போன வருஷம் ஸ்கிராப்புக்குக் கொடுத்தது உனக்குத் தெரியும். கொடுக்கப் போகிற அன்றைக்குக்கூட டேஷ்போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள், அதைப் பார்த்து நான்தான் அடுப்படிக்குள் போய்விட்டேன். அதற்குப் பிறகு எங்கே போனாலும் எல்.ஆர்.டி. ரயில், பஸ் என்று ஆகிவிட்டதால், ஈப்போ என்றதும் அவர்கள் முகத்தில் ஒரு வெளிச்சம். நான்தான் ஓட்டுவேன் என்று சொல்லிவிட்டார்கள். ருக்ஸானாவுக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரியில் நீண்ட டியூட்டி, நர்ஸ் வேலை எப்படி என்று உனக்குத் தெரியும், அத்தா ஆசைப்படுறாங்க, ஓட்டட்டும்மா என்று அவளும் விட்டுக்கொடுத்துவிட்டாள்.

விடிகாலை சுபுஹு தொழுததும் கிளம்பினோம். உட்லண்ட்ஸ் எல்லைச் சோதனையில் இப்போது பாஸ்போர்ட்டை நீட்ட வேண்டாம், போனைக் காட்டினால் போதும், ஆனாலும் ஜாம் என்னவோ அதே ஜாம்தான். அத்தாவுக்கு அதுகூட சந்தோஷம், லேன் மாற்றி மாற்றிப் போகிறவர்களை எல்லாம் ஒவ்வொருத்தராகத் திட்டிக்கொண்டே வந்தார்கள். ருக்ஸானா முன் சீட்டில் உட்கார்ந்தவள் ஜோகூர் தாண்டுவதற்குள் தூங்கிப் போனாள், நல்ல தூக்கம், பகல் சாப்பாட்டுக்கு எழுப்பும்வரை அசையவில்லை. சிரம்பானில் சாப்பிட இறங்கினோம். காரமான கணவாய் சம்பல் சோத்தோங் வைத்து நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு, அதற்கு மேல் ஒரு கோழித் துண்டு, அதற்கு மேல் ஆற்றி இழுத்த தே தாரிக். கொஞ்ச நேரம் படுத்துவிட்டுப் போகலாமே என்றேன். உன் அத்தா, கோலாலம்பூர் ஜாமுக்கு முன்னாடி தாண்டிரணும் லா, நீ சும்மா வா என்றார்கள்.

தாண்டித்தான் போனோம். தஞ்சோங் மாலிமும் தாண்டிய பிறகு வெயிலும் நேர் ரோடும்தான். ருக்ஸானா போனில் மாப்பிள்ளைக்கு ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள், இன்ஷா என் மடியில் காலைப் போட்டுத் தூங்குகிறாள், நான் பின்னால் இருந்து எதேச்சையாகக் கண்ணாடியைப் பார்த்தேன். அதில் உன் அத்தாவுடைய கண் தெரிந்தது. மூடுகிறது, திறக்கிறது, மறுபடி மூடுகிறது. கூப்பிடலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் கார் இடது பக்கமாகச் சாய்ந்து ஓரக் கோட்டில் ஏறிவிட்டது, அந்தக் கோட்டில் டயர் ஏறினால் கர்ர்ர் என்று ஒரு சத்தம் வருமே, அது வண்டி முழுக்கக் கேட்டது. ஓரத்தில் கொஞ்சம் முன்னால் ஒரு லாரி நின்றிருந்தது, ஸைஃபு. டிரைவர் கீழே நின்று டயரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அத்தா வெடுக்கென்று வண்டியைத் திருப்பிவிட்டார்கள், லாரிக்காரர் தலை நிமிர்ந்து பார்த்த முகம் எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. இன்ஷா அழுதுகொண்டே எழுந்தாள். ருக்ஸானா, அத்தா என்று கத்தினாள். உன் அத்தா, ரோடு இங்கே சரியில்லை என்றார்கள்.

அந்த நேரத்தில் சண்டை பிடித்தால் வண்டி ஓட்டுகிறவருக்குப் புத்தி அங்கேதான் போகும். எனக்கு பாத்ரூம் போகணும் என்று மட்டும் சொன்னேன். அதற்கு மட்டும் உன் அத்தா என்றைக்கும் மறுப்புச் சொன்னதில்லை. அடுத்த ஓய்விடத்தில் நிறுத்தி முகம் கழுவப் போனார்கள். கியருக்குப் பக்கத்தில் தம்ளர் வைக்கிற குழியில் சாவி கிடந்தது, நான் எடுத்து என் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். திரும்பி வந்ததும் சாவி எங்கே என்றார்கள். பையில் இருக்கு என்றேன். கொடு, போகலாம். கொடுக்க மாட்டேன், இனி ருக்ஸானா ஓட்டட்டும். இப்படி நான் இத்தனை வருஷத்தில் பேசியதில்லை, எனக்கே என் குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. பேத்தி முன்னாடி எனக்கு வயசாயிடுச்சுன்னு சொல்றியா என்று கேட்டார்கள். வயசுன்னு சொல்லலைங்க, தூக்கம்னு சொல்றேன், அந்த லாரிக்காரருக்கும் வீட்டுல ஆள் காத்திருக்கும் என்றேன். திரும்பி, அங்கே தொழுவதற்கு இருக்கிற சூராவ் பக்கம் நடந்து போய்விட்டார்கள்.

போனவர் வரவேயில்லை. நான் இன்ஷாவுக்குப் பப்பாளி வாங்கிக் கொடுத்தேன், ருக்ஸானா டயரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள், இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளவில்லை. ஸ்கிராப்புக்குக் கொடுத்த அன்று அவர்கள் முகம் இருந்த இருப்பு ஞாபகம் வந்து, கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாமோ, மனசு உடைந்து எங்காவது உட்கார்ந்திருக்கிறார்களோ என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியில் எழுந்து சூராவ் வாசலுக்குப் போனேன். உள்ளே எட்டிப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை, குறட்டை வெளியே கேட்டது. ரோடு சரியில்லை என்று சொன்ன மனிதர், தொழுத இடத்துக்குப் பக்கத்துச் சுவரோரம் கையைத் தலைக்கு வைத்து அப்படி ஒரு தூக்கம். வாசலில் நின்ற ஒரு மலாய்ப் பையன் எழுப்பட்டுமா என்று சைகையில் கேட்டான், வேண்டாம் என்று நானும் சைகையிலேயே சொன்னேன். நானும் ருக்ஸானாவும் அதற்கப்புறம் சிரித்த சிரிப்பில் இன்ஷா பயந்துவிட்டாள்.

எழுந்து வந்தவர் யார் முகத்தையும் பார்க்காமல் பின் கதவைத் திறந்து இன்ஷா பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நான் முன்னால் போய் ருக்ஸானாவுக்குச் சாவியைக் கொடுத்தேன். அவள் நன்றாகத்தான் ஓட்டினாள், ஆனால் பின்னால் இருந்து ஒவ்வொரு லாரிக்கும் டொம் டொம் என்று சத்தம், பார்த்தால் அத்தா காலால் தரையில் பிரேக் போடுகிறார்கள். இன்ஷா தன் நன்னாவின் காலைப் பார்த்து, நன்னா, உங்க பக்கம் பிரேக் வேலை செய்யலை என்று சொன்னாள். அப்போதுதான் அவர்கள் முகத்தில் சிரிப்பு வந்தது. ஈப்போ நெருங்கும்போது அந்தச் சுண்ணாம்புக் குன்றுகள் வருமே, மழை பெய்து ஓய்ந்து பாதி மலைக்கு மேகம் சுற்றியிருந்தது. உன் அத்தா ஜன்னல் கண்ணாடியில் முகத்தை வைத்துக்கொண்டு, இதெல்லாம் எப்போ வந்துச்சு ஆமினா என்று கேட்டார்கள். கல்யாணமான காலத்திலிருந்து இதே ரோட்டில் வந்து போகிற மனிதர், ஸைஃபு. அவர்கள் பார்த்தது எல்லாம் முன்னால் போகிற வண்டியின் பின்பக்கம்தான். திரும்பி வரும்போது நாங்கள் யாரும் சொல்லாமலே அவர்களும் ருக்ஸானாவும் மாறி மாறி ஓட்டினார்கள்.

அதனால்தான் எழுதுகிறேன். தமன்னாவை ஓட்டவிடு, புறப்படுவதற்கு முன்னால் நாலு தடவை பக்கத்து மலைக்கு அவளைக் கூட்டிப் போய்ப் பழக்கு. பகலில் வயிறு முட்டச் சாப்பிடாதே. ரோட்டில் ஐஸ் உறைந்து கிடக்குமாம், எனக்குத் தெரிந்த ஐஸ் எல்லாம் கிண்ணத்தில் போட்டுத் தின்கிற ஐஸ் கச்சாங்தான், தெரிந்தவர்களிடம் கேட்டு டயருக்குச் சங்கிலி எடுத்துக்கொள். இருட்டினால் அந்த ஊரிலேயே தங்கிவிடு. ஹாரிஸ் எவ்வளவு அழுதாலும் அவன் சீட்டிலிருந்து எடுத்து மடியில் வைக்காதீர்கள், அழுத பிள்ளை நிறுத்தின இடத்தில் சமாதானம் ஆகிவிடும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அத்தா தேக்காவிலிருந்து மீன் வாங்கி வந்து என்ன எழுதுகிறாய் என்று எட்டிப் பார்த்தார்கள். உங்கள் வண்டவாளம்தான் என்றேன். கோபப்படுவார்கள் என்று பார்த்தால், பக்கத்தில் உட்கார்ந்து முழுசும் வாசித்துவிட்டு, நான் சொன்னேன்னு இதையும் எழுது என்றார்கள்: தமன்னா ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காதே, காலையும் ஆட்டாதே, ஜன்னல் பக்கம் பார்.

போகிற வழிக்கும் வருகிற வழிக்கும் அல்லாஹ் உங்களுக்குக் காவல் இருப்பான், என் துஆ எப்போதும் உங்கள் வண்டிக்குப் பின்னாலேயே வரும். ஏறியதும் பயண துஆ ஓத மறக்காதே. ஒவ்வொரு ஊரிலும் நின்றதும் ஒரு படம் அனுப்பு, மலையோடு மூன்று பேர் முகமும் அதில் தெரிய வேண்டும்.

அன்பு மாறாத அம்மா,
ஆமினா பீவி அப்துல் மஜீது