மாரியண்ணன் போகாத தீவு

என்மேல் உயிரையே வைத்திருந்து, கடைசியில் என்னை இப்படி மாட்டிவிட்டுப் போன அண்ணனுக்கு,

நீ கண்ணை மூடி மூன்று மாதமாகிறது. அழுது தீர்த்துவிட்டேன். இப்போது கோபம்தான் மிச்சம்.

போன ஞாயிறு, பக்கத்து வீட்டு லெட்சுமி அக்காவை அழைத்துப்போக அவர் தம்பி பாலிங்கிலிருந்து வந்திருந்தார். "ஜப்பான்காரன் போயே ரெண்டு வருசமாச்சு. இந்தத் தோட்டத்து லயத்துல இன்னும் ஒத்தையா என்னக்கா பண்றே? கிளம்பு லா" என்றார். அக்கா அசையவில்லை. "அவரு தீவுலேருந்து வந்தா என்னை எங்கேடா தேடுவாரு?"

யார் செய்த வேலை இது? உன்னையும் அவர் புருஷன் மாரியண்ணனையும் ஜப்பான்காரன் ஒரே லோரியில்தான் ஏற்றினான். சுங்கை பட்டாணி ஸ்டேஷனில் அவரைச் சயாமில் ரயில்பாதை போடத் தள்ளினான், உன்னைத் தீவுக்குப் போகும் கப்பலுக்கு. சண்டை முடிந்து நீ திரும்பியதும், மாரியண்ணன் சயாமிலேயே வாந்திபேதியில் போனதை, அவரைக் குழியில் போட்டவரே திகாம் பத்து கடைத்தெருவில் உன்னிடம் சொன்னார். நீ என்னிடம் மட்டும் சொன்னாய்.

மறுநாளே அக்கா ஓடிவந்து, "அவரும் உங்கூடத்தானே தம்பி தீவுக்கு வந்தாரு?" என்று கேட்டபோது தலையை ஆட்டிவிட்டாய். ஏன் ஆட்டினாய்? நெற்றிப் பொட்டைப் பார்த்து வாய் வரவில்லையா? "பின்னால வந்துருவாருக்கா" என்று வேறு சொன்னாய், மகராசன்!

தீவும் பொய்யாக இருந்திருந்தால் எப்போதோ சாயம் வெளுத்திருக்கும். நீ கண்ணால் கண்டதையல்லவா சொன்னாய். புகை கக்கும் மலை, காயப்போட்ட துணியில் படியும் சாம்பல், கறுப்பு மணல். அந்தச் சூட்டு மண்ணில் முட்டையைப் புதைத்துவிட்டு அடைகாக்காமலே போய்விடும் பறவை, அதைத் தோண்டித் தின்னும் சுருட்டைமுடிச் சனங்கள். வெற்றிலைக்குப் பதில் ஏதோ நீளக் காயைச் சுண்ணாம்பில் தொட்டுப் பாக்கோடு மெல்வார்களாம். குண்டு விழுந்தபோது உன்னை ஒளித்துவைத்துக் கிழங்கு கொடுத்தவர்களாம். அக்கா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "பாக்கு போடுற சனம் நம்மாளைப் பட்டினி போடாது!"

ஞாயிறன்று என் பக்கம் திரும்பினார். "உங்கண்ணன் சொன்னதை இவனுக்கும் சொல்லு தம்பி." சொன்னேன். முட்டை வரைக்கும் சொன்னேன். போதாததற்கு, மாரியண்ணன் அங்கே ஒரு குடிசை போட்டிருப்பார் என்று நானாகவே சேர்த்தேன். அக்கா சிரித்தார். அவர் தம்பி தனியாகப் பஸ் ஏறினார். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

உனக்கென்ன, நல்லவன் என்று பேர் வாங்கிக்கொண்டு படுத்துவிட்டாய். அக்காவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை அண்ணே. எத்தனை வருஷம் இப்படி வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்? அதை ஒருநாளாவது யோசித்தாயா?

நாளைக்கு ரப்பர்ப் பால்வாளியைக் கழுவி வைத்ததும் நேரே அவர் வீட்டுக்குப் போகிறேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். மண்ணை வாரித் தூற்றினாலும் நின்று வாங்கிக்கொள்கிறேன். பிறகு பாலிங் வரை நானே கூடப்போய் விட்டு வருகிறேன். இது சத்தியம். மாரியண்ணனை அந்தத் தீவிலிருந்து இறக்கி, அக்கா கண்ணெதிரே இன்னொரு தடவை புதைக்க நான்தானே மிச்சம்.

உன் கூடப்பிறந்த, உன் பொய்க்கும் உடன்பட்ட,
தம்பி